கண்ணுக்கும் அரிவாள்மனைக்கும் நடுவே

எங்கள் தொழிலில் நாங்கள் அதிகம் சொல்லும் வார்த்தை "பழகிடும்" என்பதுதான். புதுக் கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறதா, பழகிடும். படி இறங்கும்போது தரை எழும்பி வருவதுபோல் இருக்கிறதா, பழகிடும். முக்கால்வாசிப் பேருக்குப் பழகியும் விடுகிறது. மீதிப் பேர் கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டு, நம் மேல் இருக்கும் மரியாதையால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மீதிப் பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனையில் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். கண்ணுக்கு என்ன பவர் கண்ணாடி வேண்டும் என்று சோதித்துச் சொல்வது என் வேலை. டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பதால் பாதிப் பேர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், முதல் பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது அங்கே புது மெஷின் வந்திருக்கிறது. முகத்தை வைத்தால் சீட்டு வந்துவிடும். போன மாதம் ஷர்மிளா என்ற பெண், என்னிடம் வேலை பழகியவள், போன் செய்தாள். மெஷின் பவரைச் சரியாகத்தான் காட்டுகிறதாம், ஆனாலும் சிலர் திரும்பத் திரும்ப வருகிறார்களாம், நீங்கள் என்ன செய்வீர்கள் மேடம் என்று கேட்டாள். நான் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மேடம், இதை எழுதிக் குடுங்க, நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். பேச்சை நிறுத்த அது ஒரு நாகரிகமான வழி என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் எழுதிவிடுகிறேன். படிப்பது அவள் தலையெழுத்து.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் முடித்ததும் டீச்சர் டிரெயினிங் போ என்றார் அப்பா. எங்கள் சர்ச் சபையில் பாதிப் பெண்கள் டீச்சர்கள்தான். எனக்குக் கரும்பலகை பிடிக்கவில்லை. எக்மோர் பக்கம் கண் சோதிக்கும் இரண்டு வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போய்ப் படித்தேன். கூட்டத்தில் நின்றபடியே எதிரில் இருப்பவர்களின் கண்ணாடியைப் பார்த்து, இது கிட்டப் பார்வை, இது தூரப் பார்வை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன். முறைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்ததும் உண்டு.

சோதிக்கும் முறை பார்க்க எளிதாக இருக்கும். இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணுக்குள் ஒரு கீற்று வெளிச்சத்தை ஆட்டி, உள்ளிருந்து திரும்பி வரும் நிழல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதில் பவர் ஏறக்குறைய கிடைத்துவிடும். பிறகு கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்க வேண்டும். இங்கேதான் ஆட்கள் பயந்துவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று நினைத்து, நமக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அதனால் நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வேன். கடைசியில் சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மூன்று விரலை நீட்டியதுபோல் ஒரு குறி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைக் காட்டினால் போதும். இதோடு சோதனை முடிந்தது என்பது புத்தகம்.

எனக்கு அதோடு முடியாது. அந்த ஃபிரேமோடு அவர்களை எழுப்பி, வராந்தா கோடிவரை நடக்கவைத்து, ஜன்னலில் நிறுத்தி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்வேன். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். கூட வேலை செய்தவர்கள், கிரேஸ் அக்கா பேஷண்டை ஊர்வலம் கூட்டிப் போகிறாள் என்பார்கள். சிங்கப்பெருமாள் கோவில், குன்றத்தூர் என்று முகாம் போட்டுச் சோதித்தால், கண்ணாடி தயாரானதும் அங்கே ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். நான் என் லீவு நாளில் நானே எடுத்துக்கொண்டு போவேன். காதுக்குப் பின்னால் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுக்காத கண்ணாடியை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் போடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் எட்வின், பை நிறையக் கண்ணாடியோடு நான் கிளம்புவதைப் பார்த்து, "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்பார்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கே வந்தது என்றால், சேலையூரிலிருந்து வந்த ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியரால் வந்தது. பிலவேந்திரன் சார் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் வந்தது தன் மனைவியின் கண்ணைக் காட்ட. உட்கார்ந்திருந்த மனிதர் நெற்றிப்பொட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கொடுங்கள் சார், துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி, பவர் பார்க்கும் கருவியில் வைத்தேன். ஏதோ ஒரு கடையில் வலது கண் வில்லையை இடதிலும் இடது கண் வில்லையை வலதிலும் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மாதமாகப் போட்டிருக்கிறீர்கள் என்றேன். போன கிறிஸ்துமஸிலிருந்து என்றார். அப்போது ஆடி மாதம். கடையில் கேட்டதற்குப் பழகிடும் என்றார்களாம். மாற்றி மாட்டிக் கொடுத்ததும் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்தார்.

"எனக்குத்தான் பழகிக்கத் தெரியலைன்னு நெனச்சேம்மா" என்றார்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த மனிதர், தப்பு தன்னிடம்தான் என்று தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவர் திரும்பி வந்து சரியில்லை என்றால், நான் அவர் பக்கம்தான். சரியாக இருக்கிறது என்று எனக்கே தோன்றினாலும் அவர் பக்கம்தான்.

எங்கள் தலைமை டாக்டர் மங்களம் அந்தக் கட்சியில் இல்லை. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நடக்காது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடிப்பு மாலைவரை கலையாது. எந்த ஃபைலையும் நின்றுகொண்டேதான் பார்ப்பார். அவர் அறையில் ஒரு நல்ல நாற்காலி உண்டு, அதில் அவருடைய கைப்பை மட்டும்தான் உட்காரும். துப்புரவு செய்கிறவர்களையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். பதில் வழவழா என்றிருந்தால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அதற்குள் நாம் விஷயத்துக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆபரேஷன் தியேட்டரில் அவர் கையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. காலையில் கேட் திறக்கும்போது சாலைவரை நிற்கும் கூட்டத்தை மாலைக்குள் பார்த்து அனுப்ப வேண்டியவர் அவர். அதனால் அவரிடம் சட்டம் கறாராக இருந்தது. கண்ணாடி சரியில்லை என்று வருகிறவர்களை இரண்டு தடவை நாங்கள் மறுபடி சோதிக்கலாம். மூன்றாவது தடவை அவரே பார்ப்பார். அவர் சரி என்றால் சரி, அதோடு ஃபைலை மூடிவிட வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அஞ்சலை வந்தாள். கோவளம் பக்கத்துக் கடலோரக் கிராமம். புருஷனால் கடலுக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. இவள்தான் விடியும் முன்னே கரையில் மீன் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கோவிலம்பாக்கம் கொண்டுவந்து, சாலையோரத்தில் விற்கிறாள். ஐம்பத்தைந்து தாண்டிய வயது. தூரத்துப் பார்வை கழுகு மாதிரி. கிட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வயதில் யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் கண்ணாடி. நான் லீவில் இருந்த நாளில் வேறொருத்தி சோதித்துக் கொடுத்திருந்தாள். வயதுக்கு ஏற்ற பவர், அப்பழுக்கில்லாத சோதனை.

அந்தக் கண்ணாடியோடு திரும்பி வந்தபோதுதான் அவளை நான் முதலில் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலில் தையல் போட்ட காயம் இன்னும் காயாமல் இருந்தது.

"இந்தக் கண்ணாடி என்னிய கீய இஸ்துகினு போவுதும்மா" என்றாள்.

கீழே இழுக்கிறது என்கிறாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அட்டையைக் கையில் கொடுத்தேன். எல்லாக் குறியையும், கடைசி வரிவரை, பிசகாமல் காட்டினாள். பிரஷர் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், நல்ல உடம்பு. இரண்டாவது தடவையும் வந்தாள். அதே பேச்சு, அதே அட்டை, அதே சரியான பதில். மூன்றாவது தடவை டாக்டர் மங்களத்திடம் அனுப்பினேன். அவர் நின்றபடியே எல்லாம் பார்த்தார், வில்லையைப் பார்த்தார், விழித்திரையைப் பார்த்தார். பவர் கரெக்ட், பத்து நாள் விடாமல் போடச் சொல்லுங்கள், பழகிடும் என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

அஞ்சலை என்னைத் தேடி அறைக்கு வந்தாள். கோபமெல்லாம் இல்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தாள். இனி மீனை வெட்டிக் கொடுப்பதில்லை, முழுசாகவே விற்றுப் பார்க்கப் போகிறேன் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கமெல்லாம் இப்போது அடுக்குமாடி. போனில் சொன்னால் கழுவி, வெட்டி, டப்பாவில் போட்டு மீன் வீட்டு வாசலுக்கு வருகிறது. சாலையோரத்தில் வாங்குகிறவர்கள் வருவதே, கண்ணெதிரே தங்களுக்கு வேண்டிய மாதிரி வெட்டித் தருவார்கள் என்றுதான். முழு மீனை யாரும் தொடமாட்டார்கள். ஏற்கெனவே விரல் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அவளுடைய வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கூடைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் அந்த இடத்தில் வேறொருத்தி கூடையை இறக்கிவிடுவாள்.

"நீ இன்னா பண்ணுவ, என் கண்ணு அப்டி கீது" என்றாள்.

எனக்குப் பிலவேந்திரன் சார் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் உட்காருகிற இடம் எங்கே, எந்த நாளில் வெட்டு அதிகம் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றாள். அதுதானே, மீன் விற்கிறவர்களுக்கும் சபைக்குப் போகிறவர்களுக்கும் ஒரே நாள். எட்வினிடம் நான் இரண்டாவது ஆராதனைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையிலேயே பஸ் ஏறினேன்.

பெரிய குடைக்கடியில், ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரிவாள்மனை, அதன் பலகையை வலது கால் மிதித்திருக்கிறது, நிமிர்ந்த கத்தியில் இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அழுத்த வேண்டும். மீன் வெட்டுகிற எல்லாரும் உட்காருகிற விதம்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றேன். எனக்காக இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ஒரு பாறை மீனைக் கையில் எடுத்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள். முதுகு வளைந்து, கழுத்து நீண்டு, மூக்கு கத்தியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அட்டையை எந்தத் தூரத்தில் பிடித்துப் படித்தாளோ அந்தத் தூரம் வந்ததும்தான் நின்றாள். அங்கேதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. முகத்துக்குக் கீழே கத்தி, மீனோ வழுக்கும், அழுத்துகிற வேகத்தில் உடம்பே முன்னால் சாயும்.

"அக்கா, நிறுத்துங்க" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். நாங்கள் கிட்டப் பார்வைக்குக் கொடுக்கும் கண்ணாடி, நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைக் கையில் பிடிக்கிறவருக்கானது. உலகம் முழுக்க அப்படித்தான் சோதிக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வெட்டுகிறவளுக்குக் கண்ணிலிருந்து கத்தி அதைவிடத் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் எங்கள் கண்ணாடி மங்கல். தெளிவு வேண்டுமானால் முகம் கீழே போக வேண்டும். கண்ணாடி இழுக்கிறது என்று அவள் மூன்று தடவை சொன்னது சத்தியமான வார்த்தை. நாங்கள் அவள் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்வை நன்றாக இருந்த காலத்தில் எப்படி உட்கார்ந்து வெட்டினாளோ அப்படி நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். பொட்டலம் கட்டும் நூலை வாங்கி, ஒரு முனையை அவள் புருவத்தில் வைத்து, மறு முனையைக் கத்தியில் மீன் படும் இடம்வரை இழுத்து முடிச்சுப் போட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தேன். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாக்கா, மூக்குத்திக்கு அளவு எடுக்கறாங்களா?" என்று பக்கத்துக் கூடைக்காரி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். மறுநாள் அரிவாள்மனையைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆராதனையில் என் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் அக்கா, முதல் பாட்டு முடிவதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். மீன் வாடை. போதகர் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, நான் மடியில் நூலை வைத்துக்கொண்டு, இந்தத் தூரத்துக்கு எந்த வில்லை என்று வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரம் கூடினால் பவர் குறைய வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆமென் சொல்லும்போது விடை கிடைத்திருந்தது. கர்த்தர் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

விடை கிடைத்தால் போதாது. மூடிய ஃபைலைத் திறந்து, வயதுக்கு உரிய பவரைக் குறைத்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர் மங்களம் கையெழுத்துப் போட வேண்டும். அவரே சரி என்று சொன்ன பவர். வாயால் சொன்னால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுவோம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம், அவர் தியேட்டரில் இருந்த நேரத்தில், என் அறையில் தரையில் செய்தித்தாளை விரித்து அஞ்சலையை உட்காரவைத்தேன். சோதனை ஃபிரேமில் புது வில்லையைப் போட்டு மாட்டி, வெட்டிப் பார்க்க என் சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு கத்திரிக்காயை எடுத்துக் கொடுத்தேன். அவள் கத்திரிக்காயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இது இன்னா மீனா?" என்று கேட்டுவிட்டு, கோணிக்குள் கையை விட்டு வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். உள்ளே நாலைந்து சங்கரா. எனக்கென்று கொண்டுவந்தாளாம். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் முதல் மீனின் செதில் பறந்தது.

மூடிய அறை, ஏசி ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் வாடை வராந்தா முழுக்கப் போய்விட்டது. வெளியே காத்திருந்த ஒருவர் இது ஆஸ்பத்திரியா மார்க்கெட்டா என்று சத்தம் போட்டார். கதவு திறந்தது. தியேட்டர் தொப்பியோடு டாக்டர் மங்களம்.

"யார் மீன் கொண்டுவந்தது?"

அஞ்சலை கையில் இருந்த பாதி மீனை முந்தானைக்குள் மறைத்தாள். நான்தான் கொண்டுவரச் சொன்னேன் டாக்டர் என்றேன். எதற்கு என்றார். அதுதான் அந்த ஒரே கேள்வி. அவர் கை தன் கண்ணாடியைக் கழற்றப் போனது. காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த விளக்கமெல்லாம் மறந்துவிட்டது.

"பழகிடும்னு சொன்னோம் டாக்டர். இவங்க பழகிக்கிட்டாங்கன்னா முகம் கத்தியில படும்."

கண்ணாடியில் வைத்த கை அப்படியே நின்றது. பழைய கண்ணாடியைப் போட்டு வெட்டச் சொல்லுங்கள் என்றார். அஞ்சலை போட்டுக்கொண்டு குனிந்தாள். அவள் முகம் கத்தியை நெருங்கியபோது, டாக்டர் சட்டென்று கையை நீட்டி அவள் நெற்றியைப் பிடித்துவிட்டார். பிறகு புது வில்லையோடு வெட்டச் சொன்னார். அஞ்சலை நிமிர்ந்து உட்கார்ந்து, செவுளை எடுத்து, செட்டையை நறுக்கி, மீனைத் துண்டாக்கி இலையில் வரிசையாக அடுக்கினாள். தலை ஒரு இஞ்சுகூட இறங்கவில்லை.

அப்புறம் நடந்ததை ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நாற்காலியில்கூட உட்காராத டாக்டர் மங்களம், கஞ்சி போட்ட புடவையோடு, மீன் செதில் சிதறிய அந்தத் தரையில் உட்கார்ந்தார். அஞ்சலையை நகரச் சொல்லி, அரிவாள்மனையின் பலகையில் காலை வைத்து, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளுடைய பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியைப் பார்த்தார். அதைக் கழற்றிவிட்டு, சோதனை ஃபிரேமை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். தரையை ஃபினாயில் போட்டுத் துடைக்கச் சொல்லுங்க" என்றார். மன்னிப்பு, பாராட்டு இரண்டும் அவர் அகராதியில் கிடையாது.

அடுத்த வாரம் என் அறை மூலையில் சுருட்டி வைத்த புதுப் பாய் ஒன்று இருந்தது. யார் வாங்கி வைத்தது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு பூ கட்டுகிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கண்ணைக் காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் நூல் பிடித்து அளந்தேன். எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கும் சாமுவேல் அண்ணன் சில காலமாகத் தப்பு ஸ்வரம் வாசிக்கிறார், வயசாகிவிட்டது, ஆளை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது, ஆர்கன் முன்னால் அவரை உட்காரவைத்து, தாளுக்கும் கண்ணுக்கும் நூல் பிடித்தேன். அவர் இன்றைக்கும் வாசிக்கிறார். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க நான் ஒன்றும் பரிசுத்தவாட்டி இல்லை. ஷர்மிளா, உன் மெஷினால் பவர் சொல்ல முடியும். அந்த ஆள் எங்கே, எப்படி உட்கார்ந்து பிழைக்கிறார் என்று நீ போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அஞ்சலைக்குக் கண்ணாடி தயாரானதும் நானே பொருத்திக் கொடுத்தேன். ஈரக் கையால் கழற்றி மாட்ட வேண்டாம் என்று கழுத்துக்கு ஒரு கயிறும் கோத்தேன். இது கத்தியின் தூரத்துக்கு மட்டும்தான், நிற்கிறவர்கள் முகம் இதில் மங்கலாகத்தான் தெரியும் என்றும் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. திரும்பி வராதவர்கள் இரண்டு விதம் என்று எனக்குத் தெரியும் இல்லையா? மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பட்டுப்புடவையோடு அப்படியே பஸ் ஏறி கோவிலம்பாக்கம் போனேன்.

இடம் அதே இடம். குடை அதே குடை. முன்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கயிறு கட்டிய கண்ணாடி மூக்கில் இருந்தது. முதுகு நேராக இருந்தது. என் முறை வந்ததும் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா மீனு வேணும், சொல்லும்மா" என்றாள்.

அந்தக் கண்ணாடி வழியே அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். பக்கத்துக் கூடைக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டு வாயைத் திறந்தாள், உதட்டில் விரல் வைத்துத் தடுத்தேன். பேசினால் குரலைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று வாயைத் திறக்காமல் ஒரு கொடுவாவைக் கையால் காட்டினேன். காயம் ஆறிய விரலை மடக்கி மீனைப் பிடித்து, செதில் சீவி, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, டக் டக்கென்று துண்டு போட்டாள். முகம் எங்கேயோ, கத்தி எங்கேயோ. கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்ட ஒரு தபா வாங்கினா வேற எங்கயும் போவ மாட்ட. துண்டு அல்லாம் ஒரே அளவா கீதான்னு வூட்ல போய்ப் பாரு" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் குழம்பு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்த எட்வின், தட்டில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக யார் வெட்டியது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.